எரியாத ஏடுகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் பாட்டி வழி முன்னோர் ஒருவர் அயர்லாந்துப் பட்டாளத்துக்காரர். ஜான் சல்லிவன், கத்தோலிக்கர். 1871-ல் பரங்கிமலையில் கல்யாணம், அப்போது வயது 28. இதற்கு மேல் வீட்டில் எதுவும் தெரியாது. இணையத்தில் தேடினால் அந்தப் பெயரில் ஏராளமானோர் வருகிறார்கள். 1922-ல் டப்ளினில் ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டன என்றும் படித்தேன். இனியும் தேடிப் பலன் உண்டா?

ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

உண்டு. 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் போயின. ஆங்கிலிக்கன் சபைப் பதிவேடுகளிலும் பாதிக்குமேல் போயின. (1861 முதல் 1891 வரையிலான கணக்குகளைத் தீ தின்னவில்லை; அரசே அதற்கு முன்பே அழித்திருந்தது.) ஆனால் கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குக் கோயில்களில்தான் இருந்தன (பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி). உங்களுக்கு வேண்டியது தப்பித்தது.

உங்கள் சிக்கல் ஊர். அயர்லாந்தின் தென்மேற்கே கார்க், கெர்ரி பக்கம் சல்லிவன்கள் அவ்வளவு பேர். பங்கு தெரியாமல் நுழைந்தால் வேறு குடும்பத்து ஜானைத்தான் பிடிப்பீர்கள். ஊருக்கான தடயம் இந்தியப் பக்கத்தில் இருக்கிறது. கல்யாணம் நடந்த கோயிலின் பதிவேட்டில் படைப்பிரிவையும் தகப்பன் பெயரையும் தேடுங்கள். அதன் நகல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், சென்னை மாகாணக் கோயில் பதிவேடுகளின் நகல்கள் உள்ள என்/2 வரிசையில் இருக்கலாம். கத்தோலிக்கக் கோயில்களின் நகல்கள் அதில் முழுமையாக இல்லை. பிறகு லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 97 வரிசை; படைவீரர்களின் விலகல் தாள்கள் அதில் உள்ளன. ஓய்வூதியத்தோடு விலகியவரின் தாளில் பிறந்த பங்கு, பக்கத்து நகரம், கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) மூன்றும் இருக்கும். பணியிலேயே இறந்திருந்தால் அந்தத் தாள் இருக்காது. படைப்பிரிவின் வருகைப் பதிவேட்டில் இறந்தவர், விலகியவர் பட்டியலைப் பாருங்கள்.

பங்கு தெரிந்ததும் அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்துக்குப் போங்கள். 1880 வரையிலான ஞானஸ்நான ஏடுகளின் படங்கள் இலவசம். பெயரை இட்டுத் தேட வழியில்லை, புரட்டத்தான் வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையோரத்தில் சில பங்குகளின் ஏடுகள் தாமதமாகவே தொடங்குவதால் தொடக்க ஆண்டை முதலில் பாருங்கள். பட்டாளத்து வயதை நம்பாமல் 1838 முதல் 1848 வரை தேடுங்கள். ஏட்டில் பெயர்கள் லத்தீனிலும் இருக்கலாம்: ஜான் ‘யோவான்னஸ்’, ஜேம்ஸ் ‘யாக்கோபுஸ்’. சல்லிவன் என்பதற்கு முன்னால் ‘ஓ’ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் ஞானப்பெற்றோரையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோர் பல நேரம் நெருங்கிய சொந்தம்.

அடுத்தது கிரிஃபித் மதிப்பீடு, அயர்லாந்தின் நிலம், வீடுகளின் மதிப்புக் கணக்கு; 1847 முதல் 1864 வரை எடுத்தது. வரி விதிக்க எடுத்த கணக்கு என்பதால் நிலமோ வீடோ யார் பேரில் இருந்ததோ அவர் பெயர் மட்டுமே இருக்கும்; ஜானை விட்டுத் தகப்பனைத் தேடுங்கள். ஒரே சிற்றூரில் இரண்டு டேனியல் சல்லிவன் இருந்தால் ‘டேனியல் சல்லிவன் (மைக்கேல்)’ என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள், நம் பட்டாவில் தகப்பன் பெயர் வருவதுபோல. அந்த அடைப்புக்குறி உங்களை இன்னொரு தலைமுறை மேலே கொண்டுபோகும்.

ஊரிலேயே தங்கிவிட்ட சொந்தங்களுக்கு 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குகள் முழுதாக, இலவசமாக உள்ளன. 1909-ல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. அதைப் பெற வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு: 1901-ல் 56 என்றவர் 1911-ல் 71 என்று எழுதியிருப்பார். வயது இடிக்கிறதே என்று ஆளைத் தள்ளிவிடாமல், சிற்றூரும் வீட்டிலுள்ள மற்றவர்களின் பெயர்களும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.