பணக்காரர்கள் போடும் பெர்மாகல்ச்சர் தோட்டங்களைப் பார்த்து ஊர் விவசாயிகளும் மாறுவார்களா?

பார்த்து யாரும் மாற மாட்டார்கள். அங்கே வேலை செய்தவர்கள் வேண்டுமானால் கொஞ்சம் மாறுவார்கள். (பெர்மாகல்ச்சர் என்றால், இயற்கையில் நடப்பது போலவே மரம், செடி, மண், தண்ணீர் எல்லாம் ஒன்றுக்கொன்று உதவும்படி நிலத்தை அமைக்கிற முறை.)

கேள்வியைப் படித்தால், நீங்கள் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்க யோசிப்பவர் என்று தோன்றுகிறது. "ஊருக்கே முன்மாதிரியா இருக்கும் சார்" என்று புரோக்கர் சொல்லியிருப்பார். நான் இந்த மாதிரிப் பண்ணை வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கிறவன். என் வீட்டில் உலை கொதிப்பதே அதில்தான். அதனால் "பணக்காரன் என்றாலே இவனுக்கு வயிற்றெரிச்சல்" என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம்.

திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு தோட்டம். கல் பாவிய நடைபாதை, அல்லிக் குளம், பழமரமும் செடிகொடியும் அடுக்கடுக்காக வளரும் உணவுக்காடு, எல்லாம் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: "தம்பி, போட்ட காசு எப்போ திரும்பும்?" ஓனருக்கு அப்படி ஒரு கவலையே கிடையாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மாவும் பலாவும் காய்க்கிற வரைக்கும் ஓனர் காத்திருப்பார். நகையை அடகு வைத்து நாற்று நடுகிறவர் ஒரு போகம்கூடச் சும்மா இருக்க முடியாது.

ஆனால் அங்கே களை எடுக்க வந்த ஒரு அக்கா, வாழை வட்டத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆறடி அகலம், மூன்றடி ஆழத்தில் வட்டக் குழி தோண்டி, மட்டை, சருகு, கிளை எல்லாம் போட்டு மேடாக நிரப்ப வேண்டும். தோண்டிய மண் சுற்றிலும் கரை. கரைமேல் வாழைக்கன்று. சமையலறைத் தண்ணீரைக் குழிக்குள் திருப்பிவிட்டால் சரி. அக்கா வீட்டுப் புழக்கடையில் அவ்வளவு இடமில்லை. நாலடிக் குழி, மூன்று கன்று, ஓரத்தில் சேம்பு. அதுவரை பாத்திரம் கழுவிய தண்ணீர் தெருவில் ஓடி எதிர்வீட்டோடு தினமும் சண்டை. அது நின்றது. அதைப் பார்த்துத்தான் அந்தத் தெருவில் இன்னும் சில வீடுகளில் குழி தோண்டினார்கள். பெர்மாகல்ச்சர் என்ற பேரே அவர்களுக்குத் தெரியாது.

"அந்தத் தோட்டம் இல்லாவிட்டால் அக்கா எங்கே கற்றிருப்பார்?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978இல் ஆஸ்திரேலியாவில் புத்தகமாகப் போட்ட இந்த யோசனை, இந்தியாவில் வேர் பிடித்தது பண்ணை வீட்டில் இல்லை. 1987இல் மாலிசன் இங்கே வந்து பயிற்சி கொடுத்தார். அப்புறம் இன்றைய தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம், வறண்ட நிலத்தில், சிறு விவசாயிகளோடுதான் வேலை நடந்தது. 2017இல் ஹைதராபாத்தில் பெர்மாகல்ச்சர்காரர்களின் உலக மாநாடே கூடியது. மண்ணைச் சருகு, வைக்கோலால் மூடி வைக்கிறோமே, அந்த மூடாக்கு என்ற சொல்லை நம் பக்கம் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா. அவர் யாருக்கும் அல்லிக் குளம் வெட்டிக் காட்டவில்லை.

மூடாக்கு என்றதும் வைக்கோல் ஞாபகம் வந்துவிட்டது. பண்ணை வீட்டுக்காரர்கள் மூடாக்குக்காக லோடு லோடாகக் கட்டு இறக்குகிறார்கள், சொன்ன விலைக்கு. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர் அதே கட்டுக்கு அலைகிறார். இது எந்த வீடியோவிலும் வராது. வீடியோ என்றால், அந்தத் தோட்டத்தைப் படம் எடுக்க வந்தவர்கள் அக்காவின் மண்வெட்டியை வாங்கி ஓனர் கையில் கொடுத்துவிட்டு, அக்காவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். எனக்கு வர வேண்டிய கடைசி பில் பணம் இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

நிலம் வாங்கினால் வாங்குங்கள், தப்பில்லை. மூடாக்குக்கு வைக்கோல் வாங்காமல், வேலியோரம் கிளைரிசிடியா மரம் நட்டு, தழையை வெட்டி வெட்டிப் போடுங்கள். அப்புறம், சாயங்காலம் வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள். ரெண்டு வாழைக்கன்று போனால் போகட்டும்.