வெள்ளைப் பின்னணி சாம்பலாக விழுகிறதா?

வெள்ளைச் சார்ட் விரித்துப் படம் எடுத்தும் பின்னணி சாம்பலாகவே வருகிறது, எடிட்டிங்கில் வெளிச்சத்தைக் கூட்டினால் பீங்கான் கோப்பையின் விளிம்பே காணாமல் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேமராவில் கோளாறு இல்லை. ஃபிரேம் முழுக்க வெள்ளை இருந்தால், வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலுக்கு இழுத்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அல்லது +1.5 வையுங்கள். போனில் என்றால் கோப்பையைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும்.

விளிம்புதான் உண்மையான தலைவலி. வெள்ளைமேல் வெள்ளை, கண் எதைப் பிடித்துக்கொள்ளும்? கோப்பையின் இரு பக்கமும், ஃபிரேமுக்குச் சற்று வெளியே, கறுப்பு அட்டையை நிறுத்திப் பாருங்கள். பளபளப்பில் அது பிரதிபலித்து ஓரத்தில் மெல்லிய கருங்கோடு விழும். அட்டையை ஒரு விரல்கடை நகர்த்தினாலே கோட்டின் தடிமன் மாறும். நான் இதிலேயே அரைமணி நேரத்தைத் தொலைப்பேன்.

அப்புறம், கோப்பையைப் பின்னணியிலிருந்து இரண்டடி முன்னால் வைத்து, பின்னணிக்குத் தனி விளக்கு கொடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதானால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டும் கலந்தால் வெள்ளை ஒரு பக்கம் மஞ்சளடிக்கும், ஒரு பக்கம் நீலமடிக்கும். எடிட்டிங்கில் பின்னணி 255ஐ, அதாவது முழு வெள்ளையைக் குறிக்கும் எண்ணை, தொட்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் கூட்டினால் கோப்பையும் கூடவே கரையும்.