வளைத்தால் மின்சாரம் தரும் படலம்: கேட்டவர்களுக்கு என் பதில்

போன கிழமை ஹைபிரிட் பளிங்குத் தூள் கலந்த ரப்பர் படலம் ஒன்றை விரலால் தட்டி எல்ஈடி மினுக்கிக் காட்டினேன் அல்லவா, அதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

சப்பாத்துக்குள் வைத்தால் நடக்கும்போதே போன் சார்ஜ் ஆகுமா அண்ணா? (கல்லடி, ஏ.எல். மாணவி)

ஆகாது தங்கச்சி. தட்டும்போது பத்து இருபது வோல்ட் எழும்பும், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். ஆனால் மின்னோட்டம் மைக்ரோ அம்பியர் கணக்கு, அதுவும் தட்டுகிற அந்தக் கணத்துக்கு மட்டும். போன் பற்றரி ஏறத்தாழ 15 வாட் மணி, அதாவது 54,000 ஜூல். படலம் இராப்பகலாக 100 மைக்ரோவாட் தந்தாலும் நிரம்ப 17 வருடம் வேண்டும்.

இதில் 'ஹைபிரிட்' எது? (களுவாஞ்சிகுடி, விஞ்ஞான ஆசிரியர்)

சேர், பளிங்கே கலப்புத்தான்: ஒரு சேதன (காபன் சார்ந்த) அயனும் ஒரு உலோக ஹேலைட்டும் (குளோரைட் போன்றது) ஒரே கட்டமைப்பில் இருக்கும். அழுத்தினால் மின்னேற்றம் வரும், வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் முனைவு (நேர், எதிர் ஏற்றங்கள் விலகி நிற்பது) திசை மாறும், அந்த இரண்டாவது குணத்தால்தான் ஃபெரோஎலக்ட்ரிக் என்கிறோம் (பெயரில் ஃபெரோ இருந்தாலும் இரும்பு தேவையில்லை). பீஇசட்டி என்ற ஈயப் பீங்கான் ஒரு நியூட்டன் விசைக்குப் பல நூறு பிக்கோகூலோம் மின்னேற்றம் தரும், ஆனால் ஆயிரம் பாகைக்கு மேல் சுட வேண்டும், வளைத்தால் விரிசல் விட்டு உடையும். அழுத்தினால் மின்னேற்றம் தருவதாக 1969இல் ஜப்பானிய விஞ்ஞானி கவாய் கண்ட பீவிடிஎஃப் பிளாஸ்டிக் நன்றாக வளையும், தருவதோ 20, 30தான். இரண்டுக்கும் நடுவே 2017இல் மங்கனீசு குளோரைட் கலந்த ஒரு ஹைபிரிட் பளிங்கு 185 காட்டியது, எனக்கு இந்தத் துறையில் ஆசை பிறந்ததே அந்த எண்ணைப் பார்த்துத்தான். உப்பளத்தில் உப்பு விளைவது போலக் கரைசலை ஆவியாக விட்டே இப்படியான பளிங்குகளை எடுக்கலாம், சூளை வேண்டாம். அப்புறம் தூளாக்கி சிலிக்கோன் ரப்பரில் கலந்து படலமாக்குவார்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாமா? (அக்கரைப்பற்று)

வேண்டாம் தம்பி. நல்ல பலன் தருகிற சில பளிங்குகளில் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது, குசினியில் தொடுகிற சாமான் அல்ல அது. இலத்திரனியல் கடையில் பஸர் தட்டு (அதுவும் அழுத்தினால் மின் தரும் பீங்கான்தான்) ஒன்றும் நாலு டயோட்டும் வாங்குங்கள். அழுத்தும்போது ஒரு திசையிலும் விடும்போது எதிர்த்திசையிலும் மின்னோட்டம் ஓடும், இரண்டையும் ஒரே திசைக்குத் திருப்பத்தான் நாலு டயோட்டையும் சேர்த்த டயோட் பாலம். 10 மைக்ரோஃபரட் கொள்ளளவியில் சேர்த்து எல்ஈடிக்கு விடுங்கள்.

எங்கள் கடற்கரைக் காற்றுக்குத் தாங்குமா? (ஒலுவில்)

இதுதான் உண்மையான தலைவலி. கரைசலில் விளைந்த பளிங்கு ஈரத்தில் திரும்பவும் கரையப் பார்க்கும், வியர்வையும் உப்புக்காற்றும் அதைவிட மோசம். ரப்பருக்குள் முழுதாக மூடி, கம்பி வெளியே வரும் வாயையும் அடைக்க வேண்டும். அந்த வாயாலும் ஈரம் ஏறும்.

தறியில் பூட்டினால் பிரயோசனம் உண்டா? (மருதமுனை)

உண்டு காக்கா! தறிக்குக் கரண்ட் தராது, ஆனால் மிதிப்பலகையின் கீழ் ஒட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு துடிப்பு வரும், அந்தத் துடிப்பை உண்டாக்கப் பற்றரி தேவையில்லை. எண்ணிக் காட்டுகிற கருவிக்கு மட்டும் சின்னப் பற்றரி போதும். நாளுக்கு எத்தனை மிதி என்று கொப்பியில் எழுதி வைக்கிறீர்களா? எழுதினால் ஒரு கிழமைக் கணக்கை அனுப்புங்கள், படலத்தின் அளவை அதை வைத்தே தீர்மானிக்கலாம்.