கொரண்டம் என்ற ஆங்கிலச் சொல் உண்மையிலேயே தமிழிலிருந்து போனதா?

ஆமாம், போனதுதான். ஏதோ ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்கு மூலம் 'தமிழ்' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நம்ப முடியாமல் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. நம்புங்கள். சாணை பிடிக்க உதவும் நம்முடைய குருந்தக் கல்தான் அது.

என் தாத்தா ஊர் ஊராகப் போய்ச் சாணை பிடித்தவர். கடையில் விற்கும் சாணைச் சக்கரம் வாங்க அவருக்குக் கட்டுப்படியாகாது. குருந்தக் கல்லை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் அந்தப் பொடியைக் கலந்து தானே வட்டு வார்த்துக்கொள்வார். அரக்கு வாடை திண்ணையில் இரண்டு நாள் நிற்கும். அதனால்தான் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆசிரியர், "எஃகைத் தேய்க்கும் கல் எது?" என்று கேட்டபோது யோசிக்காமல், "குருந்தம் சார்" என்றேன். "பட்டிக்காட்டுப் பேச்செல்லாம் இங்கே வேண்டாம். கொரண்டம் என்று சொல்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்வது?

வேதியியலில் இந்தக் கல் அலுமினியம் ஆக்சைடு. கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவில் இதற்கு 9, வைரத்துக்கு 10. துளி குரோமியம் சேர்ந்து சிவந்தால் அதுவே மாணிக்கம். 1798இல் கனிமச் சேகரிப்பாளர் சார்லஸ் கிரெவில், லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் இதழில் 'ஆசியாவின் கொரண்டம் கல்' பற்றிக் கட்டுரையே எழுதினார். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறைகளில் இந்தக் கல் உண்டு.

உலகத்துச் சொல்லெல்லாம் தமிழ் என்று கிளம்புகிறவன் இல்லை நான். எமரித் தாளின் 'எமரி' கிரேக்கத்துச் சரக்கு என்பதும் தெரியும். வடமொழியில் குருவிந்தம் இருக்கிறதே என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: இருக்கட்டும், ஆங்கிலத்துக்குப் போன வடிவம் குருந்தம். அவ்வளவுதான் நான் சொல்வது.

அந்த ஆசிரியரைப் பற்றி இன்னொன்று. செய்முறைத் தேர்வில் எங்களுக்குக் கொடுத்த சாணைச் சக்கரத்தில் அலுமினியத் தூள் அப்பி முகம் கண்ணாடிபோல் வழுவழுத்துக் கிடந்தது. வைரமுனைக் கருவியால் அந்த முகத்தைச் சீவிவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும். கேட்டேன்; நேரமில்லை என்றார். அந்தச் சக்கரம் வெட்டாது, சூடுதான் ஏற்றும். அந்தச் சூட்டில் என் உளியின் முனை பதம் கெட்டு நீலம் பாய்ந்துவிட்டது. "கை சரியில்லை" என்று 8 மதிப்பெண் குறைத்தார். சிரித்ததைக்கூட மறந்துவிட்டேன் ஐயா, அந்த 8 மதிப்பெண்ணை மறக்கவில்லை.