கவலையில் ஏறுகிற பிரஷர் நோயாகுமா?

கேள்வி: எனக்கு 42 வயது. தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர். வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். ஒரு தடவை போனால் கரைக்கு வர ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். ஒக்கிப் புயலுக்கு அப்புறம், காற்று பலமாக அடித்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. ஜெபமாலை சொல்லிக்கொண்டே விடிந்துவிடும். போன மாதம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தார். 138/88 இருந்தது. “டென்ஷன்தான் அக்கா, கவலைப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நர்சிங் படிக்கும் அக்கா மகள், “ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கூடியிருக்கும், ரத்தத்தில் பாருங்க சித்தி” என்கிறாள். மாமியார் தன்னுடைய பிரஷர் மாத்திரையில் பாதியை எடுத்து நீட்டுகிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: சகோதரி, 2017 நவம்பர் 30-க்குப் பிறகு உங்கள் கரையில் காற்றுச் சத்தம் கேட்டுப் பதறாத வீடு அபூர்வம். உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால் கவலைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கவலை உடம்பில் என்ன செய்கிறது, அதில் எதை மாற்ற முடியும் என்று மட்டும் பார்ப்போம்.

பிரஷர் 120/80-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. நம் ஊரில் மருத்துவர்கள் ‘உயர் ரத்த அழுத்தம்’ என்று எழுதுவது 140/90-லிருந்து. உங்கள் 138/88 அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறது. அமெரிக்க இதயநல அமைப்புகள் 2017-ல் கோட்டையே 130/80-க்கு இறக்கிவிட்டன. அந்தக் கணக்கில் நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள். ஆனால் ஒரே ஒரு தடவை பார்த்த அளவை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இப்போது ஹார்மோனுக்கு வருவோம். புயல் எச்சரிக்கை என்று போனில் ஒரு செய்தி வருகிறது. அதைப் படித்து முடிப்பதற்குள், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விட்டிருக்கும். நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் வரும். இதயம் வேகமாக அடிக்கும், சிறு ரத்தக் குழாய்கள் இறுகும், பிரஷர் ஏறும். இவ்வளவும் சில நொடிகளில். கூடவே இன்னொரு வேலை மெதுவாகத் தொடங்குகிறது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் சுரக்கும். அது உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். அட்ரினலின் சில நிமிடங்களில் ரத்தத்தைவிட்டுப் போய்விடும், கார்டிசால் அடங்க மணிக்கணக்காகும். அதே நரம்புகள் சிறுநீரகத்தையும் உசுப்பி ரெனினைச் சுரக்க வைக்கும். அது ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன் என்று போய், கடைசியில் உப்பையும் நீரையும் உடம்பிலேயே நிறுத்திவைக்கும்.

இதெல்லாம் யாருக்கும் நடப்பதுதான். ஏறி இறங்குகிற பிரஷரை நான் பெரிதாக நினைக்க மாட்டேன். இறங்காமல் நிற்பதுதான் என் கவலை. உங்களைப்போல எல்லைக்கோட்டில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த அலாரம் சற்று எளிதாக அடிக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து டெகம்சே என்ற ஊரில் ஸ்டீவோ ஜூலியஸ் என்ற மருத்துவரின் குழு இதை ஆராய்ந்து 1991-ல் எழுதியது. எல்லைக்கோட்டுப் பிரஷர் இருந்த இளவயதினரில் மூன்றில் ஒருவருக்கு மேல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வேகமாக அடித்தது, நார்அட்ரினலினும் கூடுதலாக இருந்தது. 2021-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், பிரஷர் நோய் இல்லாதவர்களின் சிறுநீரில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களை அளந்துவிட்டுச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னால் பிரஷர் வருவதும் கூடுதலாக இருந்தது.

அதனால்தான் “டென்ஷன் பிரஷர்தான், நோய் இல்லை” என்கிற ஆறுதலை உங்களிடம் சொல்ல நான் தயங்குகிறேன். வங்கியில் தகராறு செய்துவிட்டு வந்தவருக்கு அது பொருந்தும், மறுநாள் இறங்கிவிடும். உங்கள் வீட்டுக்காரரோ வருடத்தில் பெரும்பகுதி கடலில் இருக்கிறார். அப்படியென்றால் கவலைப்படும்போது இருக்கிற பிரஷர்தான் வருடத்தில் பெரும்பகுதி உங்கள் பிரஷர். அது எதனால் ஏறியது என்று ரத்தக் குழாய்க்குத் தெரியாது.

ஆகவே இரண்டு வாரம் அளந்து பாருங்கள். அவர் கடலில் இருக்கும்போது ஒரு வாரம், கரையில் இருக்கும்போது ஒரு வாரம். கைமேல் பகுதியில் பட்டை கட்டுகிற மெஷின் நல்லது, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையிலும் மாலையிலும், சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கால் தரையில் படும்படி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்னால் டீ, காபி கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மற்றதற்குச் சராசரி பாருங்கள். வீட்டில் அளக்கும்போது கோடு 135/85. படபடக்கும்போது ஓடிப்போய் அளக்காதீர்கள். அப்போது ஏறித்தான் இருக்கும், அதைப் பார்த்து இன்னும் ஏறும்.

ரத்தத்தில் ஹார்மோன் பார்ப்பது பற்றி அக்கா மகளிடம் இதைச் சொல்லுங்கள். கார்டிசால் விடியற்காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருக்கும். ஒரு தடவை எடுத்த ரத்தம் உங்கள் கவலையின் அளவைச் சொல்லாது. ஊசியைப் பார்த்தாலே அட்ரினலின் ஏறும். இந்தப் பரிசோதனைகள் வேறு ஆட்களுக்கு. தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திடீர் திடீரென்று வருகிறவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்கள், சின்ன வயதிலேயே பிரஷர் மிக அதிகமாக இருப்பவர்கள். படபடப்புக்காக ஒரு தைராய்டு பரிசோதனையும் ரத்த அளவும் (ஹீமோகுளோபின்) பார்ப்பது நியாயம். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போதும் உடம்பு திடீரென்று சுட்டுப் படபடக்கும். மாதவிடாய் முறை மாறியிருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் வறட்டு இருமலுக்கு அதிமதுரம் கொடுப்பது சகஜம். இரண்டு நாள் வாயில் அடக்கிக்கொள்வதை நான் சொல்லவில்லை. தினமும் பொடியாகவோ கஷாயமாகவோ சாப்பிடுகிறீர்களா என்று யோசியுங்கள். கார்டிசால் சிறுநீரகத்தில், உப்பை நிறுத்திவைக்கும் ஆல்டோஸ்டீரோனின் வேலையைச் செய்துவிடாமல் தடுக்க அங்கே ஒரு நொதி இருக்கிறது. அதிமதுரம் அந்த நொதியை முடக்கிவிடும். உப்பு தங்கும், பொட்டாசியம் வெளியேறும், பிரஷர் ஏறும். எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் அதை வழக்கமாக எடுக்கவே கூடாது. இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும், கருத்தடை மாத்திரையும்கூட பிரஷரை ஏற்றும்.

சாப்பாட்டில் உப்புதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. மரச்சீனிக் கிழங்கும் பச்சை மீன் குழம்பும் தாராளமாகச் சாப்பிடலாம், குழம்பில் உப்பைக் குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றும் ஒரே இலையில் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் மட்டிப் பழமோ ஏத்தன் பழமோ தினமும் ஒன்று நல்லது.

தூக்கத்துக்கு மருந்தைவிட முதலில் போனைக் கவனியுங்கள். காற்று வீசும் இரவுகளில் வாட்ஸ்அப் குழுக்களில் உண்மையும் புரளியும் கலந்து வரும், ஒவ்வொரு சத்தத்துக்கும் அட்ரினலின் புதிதாகச் சுரக்கும். வயர்லெஸ், சாட்டிலைட் போன் விவரம் நேரடியாகத் தெரிந்த ஒருவரிடம், போட் உரிமையாளரோ சங்கத்துக்காரரோ, இரவு 8 மணிக்கும் காலை 6 மணிக்கும் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமென்றால் அவர் அழைக்கட்டும், மற்றது எல்லாவற்றையும் மௌனமாக்கிவிடுங்கள்.

ஜெபமாலையை விடாதீர்கள். இத்தாலியில் ஒரு குழு 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. லத்தீனில் ஜெபமாலை சொன்னபோதும், மந்திரம் சொன்னபோதும், மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைந்தது. பிரஷரைச் சீராக வைக்கும் உடலின் அனிச்சைச் செயலும் கூர்மையானது. வேகத்தில்தான் விஷயம் இருக்கிறது. பதறிப் பதறிச் சொன்னால் அந்தப் பலன் வராது. ஒவ்வொரு ஜெபத்திலும் பாதியை ஒரே நீண்ட வெளிமூச்சில் சொல்லி, நிதானமாக மூச்சு இழுத்து, அப்புறம் மீதியைச் சொல்லுங்கள். பகலில் அரை மணி நேரம் வேகமாக நடப்பதும் இதே அளவு முக்கியம்.

மாமியார் அன்பாகத் தருகிறார், ஆனால் அந்த மாத்திரை வேண்டாம். டெல்மிசார்டன் போன்றவை கருத்தரித்தால் குழந்தைக்கு ஆபத்து. அட்டெனலால் போன்றவை ஆஸ்துமாவைக் கிளப்பும். உங்களுக்கு வேண்டுமானால் உங்களுக்கான மருந்தை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எழுதித் தருவார்.

இரண்டு வாரக் குறிப்பையும் அவரிடம் கொண்டுபோங்கள். இரண்டிலும் 135/85-க்குக் கீழே என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். வீட்டுக்காரர் கடலில் இருக்கும் வாரம் மட்டும் கூடியிருந்தாலும் அதை மறைக்காமல் காட்டுங்கள். சர்க்கரை அல்லது சிறுநீரக நோய் இருந்தால் மருந்து முன்கூட்டியே தேவைப்படலாம், அந்தப் பரிசோதனைகளும் செய்துவிடுங்கள். எப்போதாவது 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் என்று ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.