இன்ஹேலர் போட்டால் கை ஏன் நடுங்குகிறது?

மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விசைத்தறி ஓட்டுகிறேன். பஞ்சுத் தூசியில் இளைப்பு வந்துவிட்டது. சால்பியூட்டமால் இன்ஹேலர் 2 முறை இழுத்தால் மூச்சு சீராகிறது. ஆனால் கை நடுங்குவதால் அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை, நெஞ்சும் படபடக்கிறது. நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடலாமா? – வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: நடுக்கத்துக்கென்று நீங்களாக எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

உடம்பில் சுரக்கும் அட்ரினலினும் அதைப் போல வேலை செய்யும் மருந்துகளும் உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் (ரிசெப்டர்) ஒட்டித்தான் செயல்படுகின்றன. அவற்றில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகை உண்டு என்று 1948-ல் அமெரிக்க மருந்தியல் அறிஞர் ஆல்குவிஸ்ட் எடுத்துச் சொன்னார். இவற்றுக்குள்ளும் 1, 2 என உட்பிரிவுகள் உண்டு. ஆல்ஃபா 1 ரத்தக்குழாயைச் சுருக்கும். பீட்டா 1 இதயத்தை வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்கவைக்கும். பீட்டா 2 மூச்சுக்குழாயைத் தளர்த்தும். உங்கள் இன்ஹேலர் குறிவைப்பது பீட்டா 2-ஐ. ஆனால் அதே ஏற்பி கைத்தசையிலும் இருக்கிறது, இதயத்திலும் கொஞ்சம் இருக்கிறது. ரத்தத்தில் கலந்த மருந்து அங்கேயும் போய் ஒட்டுவதால்தான் நடுக்கமும் படபடப்பும். இன்ஹேலரில் வழக்கமான அளவுக்கு இவை பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே சால்பியூட்டமாலின் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அதைப்போல 40 மடங்கு. அது உடம்பு முழுக்கச் சுற்றிய பிறகுதான் நுரையீரலுக்கு வரும். இன்ஹேலரை விட்டு மாத்திரைக்கு மாறினால் நடுக்கம் கூடும் என்பது அதனால்தான்.

இழுக்கும் முறையையும் சரிபாருங்கள். நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுக மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு 10 விநாடி மூச்சை அடக்குங்கள். அடுத்ததற்கு முன் அரை நிமிடம் இடைவெளி விடுங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) வைத்து இழுத்தால் தொண்டையில் படிந்து வீணாவது குறையும். தினமும் தேவைப்படுகிறது என்றால் அதுவே அபாய அறிகுறி. சால்பியூட்டமால் குழாயைத் தளர்த்துமே தவிர, உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும். மருத்துவரிடம் இதைக் கண்டிப்பாகப் பேசுங்கள்.

இப்போது நடுக்க மாத்திரை. பலர் கேட்டு வாங்கும் ப்ரொப்ரனலால் பீட்டா 1, பீட்டா 2 இரண்டையும் அடைத்துவிடும். நடுக்கம் நிற்கும், கூடவே மூச்சுக்குழாயும் இறுகும். ஆஸ்துமாக்காரருக்கு அது உயிராபத்து. கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் இப்படிச் செய்யக்கூடும். கண் மருத்துவரிடம் போனாலும் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்காட்டுக் குளிரில் மூக்கடைப்பு. சைலோமெட்டசோலின் சொட்டு போடாமல் தூக்கமே வருவதில்லை. 2 மாதமாகப் போடுகிறேன். – வாசகி, நாகலூர்

பதில்: அடைப்பே இப்போது அந்தச் சொட்டால்தான் வருகிறது. அது ஆல்ஃபா ஏற்பி வழியாக மூக்குச் சவ்வின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, வழி திறக்கிறது. நாள்கணக்கில் போட்டால் மருந்தின் பிடி தளர்ந்து, வேகம் குறைந்ததும் சவ்வு முன்னைவிட வீங்கும். 5 நாள், மிஞ்சினால் 7 நாள், அவ்வளவுதான். நிறுத்தும்போது முதலில் ஒரு துளையில் மட்டும் நிறுத்துங்கள், அது திறந்ததும் மற்றது. உப்புநீர்ச் சொட்டும், மருத்துவர் எழுதித் தந்தால் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் அந்த நாட்களைக் கடத்த உதவும். பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் மூளையின் ஆல்ஃபா 2 ஏற்பிகளைத் தூண்டி அரைமயக்கமும் நாடித்துடிப்புக் குறைவும் வரும்.

கேள்வி: புரோஸ்டேட் வீக்கத்துக்கு அப்பா டாம்சுலோசின் சாப்பிடுகிறார். சளி மாத்திரை போட்ட அன்று சிறுநீர் அடைத்துக்கொண்டது. தொடர்பு உண்டா? – வாசகர், ஓமலூர்

பதில்: உண்டு. டாம்சுலோசின் சிறுநீர்ப்பைக் கழுத்தின் ஆல்ஃபா 1 ஏற்பியை அடைத்து வழியைத் தளர்த்துகிறது. சளி மாத்திரைகளில் உள்ள ஃபினைலெஃப்ரின் அதே ஏற்பியைத் தூண்டி இறுக்கும். கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமின், பை சுருங்கிச் சிறுநீரைத் தள்ளுவதையும் பலவீனமாக்கும். காய்ச்சலுக்குத் தனி பாராசிட்டமால் போதும். மறுபடி அடைத்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை. மிளகு பறிக்க மரமேறுபவர்களைத் தேனீ கொட்டுவது உண்டு. எங்கள் முதலுதவிப் பெட்டியில் அட்ரினலின் ஆம்பூல் (ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பி) இருக்கிறது. எப்போது, எப்படிப் போட வேண்டும்? – வாசகர், ஏற்காடு

பதில்: கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் தேவையில்லை. உடம்பெல்லாம் தடித்து, அதோடு இளைப்போ, குரல் கம்முவதோ, தலைச்சுற்றலோ, திரும்பத் திரும்ப வாந்தியோ வந்தால் உடனே போட வேண்டும். தடிப்பே இல்லாமல் திடீரென மயங்கினாலும் அப்படியே. அவில் (ஒவ்வாமை மருந்து), டெக்சா (ஸ்டீராய்டு) ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் நடக்கும் பெரிய தவறு. அவை அரிப்புக்கு உதவும், விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அட்ரினலின் ஆல்ஃபா 1 வழியாகக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது, தொண்டை வீக்கத்தைக் குறைக்கிறது. பீட்டா 1 வழியாக இதயத்தையும், பீட்டா 2 வழியாக மூச்சையும் மீட்கிறது.

ஆம்பூலில் 1 மில்லிக்கு 1 மில்லிகிராம் என்று இருக்க வேண்டும். பெரியவருக்கு அரை மில்லி. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி, அதாவது 20 கிலோ என்றால் 0.2 மில்லி. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். தோலுக்கடியில் போட்டால், மருந்தே அங்குள்ள குழாய்களைச் சுருக்கித் தன் வழியை அடைத்துக்கொள்ளும். தொடைத்தசையிலோ பீட்டா 2 குழாய்களை விரிப்பதால் சீக்கிரம் ஏறும். நரம்பில், அதாவது ரத்தக்குழாய்க்குள், ஏற்றவே கூடாது. இந்தச் செறிவு நேராக நரம்பில் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மருத்துவரின் எழுத்துக் குறிப்பும், பயிற்சி பெற்ற ஒருவரும் தோட்டத்தில் இருக்க வேண்டும்.

ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறல் அதிகமென்றால் மட்டும் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள், அந்த நொடியில் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து உயிரே போகலாம். ஜீப்புக்கும் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் அதே அளவு மறுபடி. மருந்தின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும், சேலம் போக 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஆகவே ஒரு ஆம்பூல் போதாது. முதல் ஊசி போட்டதுமே 108-ஐ அழையுங்கள். தேறியதாகத் தெரிந்தாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது அவசியம், மறுபடி வரலாம்.

ஆம்பூலை வெயில், வெளிச்சம் படாமல் வையுங்கள். பழுப்பு நிறமானால் தூக்கிப் போடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால், ப்ரொப்ரனலால் சாப்பிடும் தொழிலாளர்கள் யார் யார் என்று முன்பே எழுதி வையுங்கள். அவர்களுக்குப் பீட்டா ஏற்பி அடைபட்டிருப்பதால் அட்ரினலின் முழுதாகப் பிடிக்காமல் போகலாம். ஊசியைப் போடத் தயங்க வேண்டாம், ஆனால் இந்த விவரத்தை ஆம்புலன்ஸிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில், பீட்டா ஏற்பியை நம்பாமலே இதயத்தைத் தூண்டும் குளூக்ககான் என்ற மருந்து தேவைப்படலாம்.