கிரைண்டர் கொண்டுவரச் சொல்லவா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனடா வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள், ஜனவரியில் மனைவி வருகிறார். கடையில் இட்லி மாவு, இஞ்சி பூண்டு விழுது, புளிக்கரைசல், துருவிய தேங்காய் என்று எல்லாம் தயாராக இருக்கிறது. அம்மாவோ போனில், "அந்த டப்பா சாமானையெல்லாம் வாங்கித் தின்னு உடம்பக் கெடுத்துக்காதே" என்கிறார். வாங்கலாமா, கூடாதா, மனைவியிடம் கிரைண்டரை எடுத்துவரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிரைண்டர் வேண்டவே வேண்டாம். ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டை ஏற்றலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. மோட்டார் ஊரில் ஓடிய வேகத்தில் இங்கே ஓடாது. அதற்குமேல் அந்தக் கல்லின் எடை வேறு. நம்மூர்க் கம்பெனிகளே 110 வோல்ட்டுக்குச் செய்த கிரைண்டரும் மிக்ஸியும் இங்கே தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன. மிச்சமாகும் எடையில் என்ன கொண்டுவரலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி, இங்கே வந்து 17 வருடம் ஆகிறது. முதல் வருடம் அம்மா சொன்னபடி எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியிலேயே போகும். இரண்டாவது வருடம் வேலை கிடைத்தது, எல்லாவற்றையும் பாட்டிலிலும் டப்பாவிலும் வாங்கினேன். எந்தக் குழம்பைச் சாப்பிட்டாலும் ஒரே ருசி. அப்புறம்தான் ஒரு கணக்கு பிடிபட்டது. வெறும் கைவேலைக்காகக் காசு வாங்குகிறானா, தாராளமாக வாங்குங்கள். பாட்டிலில் அடைத்ததும் வாசனை போகிற சாமானா, வீட்டில் செய்யுங்கள்.

தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே விற்கிற முழுத் தேங்காய் எத்தனை நாள் கப்பலில் கிடந்ததோ தெரியாது. நான் உடைத்த நாலில் ஒன்றாவது உள்ளே பூஞ்சை பிடித்தோ எண்ணெய்ச் சிக்கு வாடையோடோ இருக்கும். ஃபிரீசரில் இருக்கும் துருவிய தேங்காயே மேல். துருவுவது வெறும் கைவேலை, அதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று, ஃபிரீசரிலிருந்து எடுத்து அப்படியே மிக்ஸியில் போட்டுப் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தால் சட்னியில் மெழுகுத் துணுக்கு மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நிற்கும். குளிரில் தேங்காயின் எண்ணெய் உறைந்துபோவதுதான் காரணம். வெளியே எடுத்து வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள், ஊர்ச் சட்னி மாதிரியே வரும். கேக்குக்குப் போடும் உலர்ந்த துருவல் பாக்கெட் வேறு. அதை எடுத்துவிடாதீர்கள், மரத்தூள் தின்பது போல இருக்கும்.

தேங்காய்ப் பால் டின்னும் சரிதான். எங்கள் ஊரில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் சொதியை நான் டின் பாலில்தான் வைக்கிறேன். டின்னைத் திருப்பிப் பாருங்கள், தேங்காயும் தண்ணீரும் மட்டும் எழுதியிருந்தால் நல்லது. குலுக்காமல் திறந்தால் மேலே கெட்டியாக நிற்பது முதல் பால். அடியில் இருப்பதில் இன்னும் தண்ணீர் சேர்த்துக் காயை வேகவையுங்கள். கெட்டிப் பாலை இறக்குகிற நேரத்தில் ஊற்றுங்கள்.

இஞ்சி பூண்டு விழுது இதற்கு நேர்மாறு. காய்ந்த எண்ணெயில் பாட்டில் விழுதை ஒரு ஸ்பூன் போட்டுப் பாருங்கள். படபடவென்று தெறிக்கும், அடியில் ஒட்டும், முதலில் மூக்குக்கு வருவது வினிகர் நெடி. இஞ்சி மணம் எங்கோ பின்னால் நிற்கும். அதற்காக அவன் ஏமாற்றுகிறான் என்று சொல்லமாட்டேன். அந்தப் புளிப்பு பாதுகாப்புக்குத்தான். 1985-ல் இதே கனடாவில், வான்கூவரில், எண்ணெயில் ஊறவைத்துப் பாட்டிலில் அடைத்த பூண்டை ஃபிரிட்ஜில் வைக்காமல் பயன்படுத்தியதில் 30 பேருக்கு மேல் பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சுநோய் வந்தது. மண்ணிலிருந்து பூண்டோடு வரும் கிருமிக்குக் காற்றும் புளிப்பும் இல்லாத எண்ணெய் வசதியான இடம். அதனால் வீட்டில் அரைத்தாலும் எண்ணெய் ஊற்றி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நான் உரித்த பூண்டு பாக்கெட் வாங்குகிறேன், பாதி வேலை கடைக்காரனுடையது. இஞ்சித் தோலை ஸ்பூன் விளிம்பால் சுரண்டி, இரண்டையும் அரைத்து ஐஸ் டிரேயில் போட்டு உறையவைத்துவிடுவேன். ஒரு குழம்புக்கு ஒரு கட்டி. அரை மணி நேர வேலை, ஒரு மாதத்துக்கு வரும்.

புளியில் நடுவழி ஒன்று உண்டு. நம்மூர்ப் பாட்டில் புளி கீல் மாதிரி கறுப்பாக இருக்கும். அதில் ரசம் வைத்தால் காபி நிறத்தில் வரும், காய்ச்சிக் குறுக்கிய வாடையும் அடிக்கும். காரக்குழம்புக்கு அது தெரியாது, ரசத்துக்கு ஆகவே ஆகாது. தாய்லாந்திலிருந்து வரும் விதை நீக்கிய புளிக் கட்டி வாங்கி, சுடுதண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரைத்தால் போதும். இதற்கு எதற்குப் பாட்டில்?

இனி மாவு. உங்கள் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் தனியாக இருக்கும் வரை டப்பா மாவே வாங்குங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம். தேதி பார்த்து வாங்கி, பொங்காமல் இருந்தால் சில மணி நேரம் வெளியே வைத்து, பொங்கிய அன்றே இட்லி ஊற்றுங்கள். மூன்றாம் நாள் தோசை. அதற்குமேல் புளித்தால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். மனைவி வந்தபின் வாரம் மூன்று நாள் பலகாரம் என்று ஆகிவிட்டால் அரைப்பதுதான் லாபம், ருசியும் வேறு. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்து ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதையே தெளித்து அரையுங்கள். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடுதான் வருகின்றன.

இங்கே சிக்கல் அரைப்பதில் இல்லை, பொங்க வைப்பதில். ஊரில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பாத்திரம் வழியும். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் 20 டிகிரி இருந்தால் பெரிது, பேஸ்மென்ட்டில் அதுவும் இருக்காது. மாவுக்கு 30 டிகிரி வேண்டும். ஓவனைப் பற்றவைக்காமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவை மூடுங்கள். அந்தக் குண்டு பல்பின் சூடே போதும். (எல்.இ.டி. விளக்காக இருந்தால் சூடு வராது, பார்த்துக்கொள்ளுங்கள்.) 12 மணி நேரத்தில் எழும்பிவிடும். பாதி அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

இன்னொன்று. ஓவன் கதவில் "உள்ளே மாவு" என்று எழுதி ஒட்டுங்கள். என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை காலை, பிள்ளைக்குப் பீட்சா சுடுகிறேன் என்று உள்ளே பார்க்காமலே ஓவனை 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குத் திருப்பிவிட்டார். நான் மாவை வைத்திருந்தது பிளாஸ்டிக் டப்பாவில். வாடை வந்து நான் ஓடிப்போய்த் திறந்தபோது மூடி கம்பிகளுக்கு நடுவே ஜவ்வு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மாவு மேலே பொன்னிறமாக வெந்து அழகாக இருந்தது என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து எவர்சில்வர் பாத்திரம்தான்.

இடியாப்பம், பரோட்டா பற்றி யோசிக்கவே வேண்டாம். ஸ்கார்பரோவில் இருந்துகொண்டு இடியாப்பம் பிழிகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஈழத்தமிழர் டேக்-அவுட் கடையில் எண்ணிக்கைக் கணக்கில் சுடச்சுடக் கிடைக்கும். கூடவே சம்பலும் சொதியும். அவர்கள் சொதி நம்முடையதைவிடத் தண்ணியாக இருக்கும், தினமும் சாப்பிடுகிற சொதி அது. நெய் மட்டும் வாங்காதீர்கள். 454 கிராம் உப்பில்லாத வெண்ணெய்க் கட்டியை உருக்கினால் 20 நிமிடத்தில் சுமார் 350 கிராம் நெய் கையில் இருக்கும்.

பொடிதான் கடைசி. வீட்டில் வறுத்து அரைப்பதே உத்தமம், ஆனால் பேஸ்மென்ட்டில் மிளகாய் வறுக்க மட்டும் கிளம்பாதீர்கள். நான் அடுக்குமாடியில் இருந்தபோது ஒரு பிப்ரவரி மாதம் முயன்றேன். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி வீட்டுக்குள்ளேயே விடும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஸ்மோக் அலாரம் அலற, நான் தும்மிக்கொண்டே நாற்காலியில் ஏறித் துண்டால் வீச, எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கதவைத் தட்டினார். "பிள்ளை, இங்க ஆர் தூள் வறுக்கிறது? ஊரில இருந்து அம்மா அனுப்புவா, இல்லாட்டி கடையில வாங்குவம்" என்றார். அன்று அவர் கொடுத்த ஒரு கரண்டி வறுத்த கறித்தூளில் வைத்த கோழிக்குழம்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. அந்தத் தூள் கடைகளில் நன்றாகவே கிடைக்கும், சிறிய பாக்கெட்டாக வாங்கி ஃபிரீசரில் வையுங்கள். நம்மூர்ச் சாம்பார்ப் பொடிதான் கடைப் பாக்கெட்டில் சரிவராது.

அதனால்தான் கிரைண்டர் எடையைக் காலியாக வைக்கச் சொன்னேன். அந்த இடத்தில் உங்கள் அம்மா கையால் அரைத்த சாம்பார்ப் பொடி இரண்டு கிலோ, இட்லிப் பொடி, தாளிப்பு வடகம், நாலு இட்லித் துணி. வடகத்துக்கு வேண்டிய வெயில் ஜனவரியில் இங்கே காசு கொடுத்தாலும் வராது. விமான நிலையத்தில் உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்லச் சொல்லுங்கள். பொடியை ஒரு பைக்குள் இன்னொரு பை போட்டு, வாயை டேப்பால் ஒட்டி, துணிகள் இல்லாத பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். என் முதல் பயணத்தில் பை பிரிந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க என் ஒரே கோட்டில் பெருங்காயம் மணந்தது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.